ஊருக்கே வழிகாட்டும் நூலகர்... அவருக்கு யார் வழிகாட்டுவது?

உங்க வீட்டு வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்க. நூலக வரி என்று ஒரு தொகை அதில் இருக்கும். தமிழ்நாட்டில் வீட்டு வரியாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கூடுதலாக 10 பைசா நூலகத்துக்காக வசூலிக்கப்படுகிறது. வரி 500 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 50 ரூபாய். வாழ்நாளில் ஒருமுறைகூட நூலகப் படியேறாதவரும் இதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்தப் பணம் எங்கே போகுது? கட்டிடம், புத்தகம், நாளிதழ், மின்கட்டணம், சம்பளம். எல்லாமே தேவையானவைதான். ஆனால் நூலகம் பற்றிய நம்ம பேச்சில் கிட்டத்தட்ட வராத ஒரு செலவு இருக்கு. அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நூலகர், வேலையில் சேர்ந்த பிறகு புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள ஆகும் செலவு.

சென்னையில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தோம். மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தோம். கோவைக்கும் திருச்சிக்கும் அடுத்தடுத்து அறிவிப்புகள் வந்தன. நல்ல விஷயம், கைதட்டலாம். ஆனால் மாநிலத்தில் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் பகுதி நேர நூலகங்களும்தான். அங்கே எட்டு மாடி கிடையாது, ஏசி கிடையாது, குழந்தைகளுக்குத் தனித் தளம் கிடையாது. ஒரு அறை, சில பீரோக்கள், ஒரு நூலகர். அந்த ஒரு ஆள் தன் வேலையில் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதுதான் அந்த ஊர் நூலகத்தின் தரம்.

என் கருத்து இதுதான்: சின்ன ஊர் நூலகருக்குத் தொடர் பயிற்சி என்பது சலுகை இல்லை, நாம் கட்டும் 10 பைசாவுக்கான அடிப்படைச் சேவை. அதற்குப் பெரிய பணமும் தேவையில்லை. எப்படி என்று பார்ப்போம்.

ஒரே ஆள், ஒரே நாள்

ஊர்ப்புற நூலகம் ஒன்றில் ஒரு சாதாரண நாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

காலையில் பெரியவர் ஒருவர் நாளிதழ் படிக்க வருகிறார். பத்திரிகையோடு, "வாட்ஸ்அப்ல வந்துச்சும்மா, இந்தத் திட்டத்துல நிஜமாவே பணம் தர்றாங்களா?" என்று ஒரு கேள்வியும் கொண்டுவருகிறார். அடுத்து டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கும் பெண். "அக்கா, புதுப் பாடத்திட்டத்துக்கு எந்த புக் படிக்கணும்?" பிறகு ஒரு அம்மா, கையில் மொபைல். மகனின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் பாதியில் நிற்கிறது, ஓடிபி வரவில்லை. சாயங்காலம் பள்ளி விட்டதும் பத்துப் பதினைந்து குழந்தைகள். "சார், படம் போட்ட கதை புக் இருக்கா?"

இந்த நான்கு பேருக்கும் தேவைப்படுவது நான்கு தனித்தனித் திறன்கள்.

பெரியவருக்கு, செய்தி உண்மையா என்று சரிபார்த்துக் காட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும். தேர்வு எழுதும் பெண்ணிடம் ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டுவதற்கு முன், எந்தத் தேர்வு, எத்தனையாவது முயற்சி, எந்தப் பாடத்தில் தடுமாற்றம் என்று கேட்கத் தெரிய வேண்டும். நூலக அறிவியலில் இந்தக் கேட்கும் கலையே ஒரு தனிப் பாடம். வாசகர் வாயால் கேட்பதும் அவருக்கு உண்மையில் தேவைப்படுவதும் பல நேரம் வேறு வேறாக இருக்கும், அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான் அந்தப் பாடம்.

விண்ணப்பம் போட வந்த அம்மாவுக்கு உதவும்போது அவரது கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைக்கக்கூடாது, ஆதார் நகலைப் பொதுக் கணினியில் விட்டுவிடக்கூடாது என்று நூலகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளுக்குக் கதையைச் சத்தமாக, முகபாவத்தோடு, படத்தைத் திருப்பிக் காட்டி வாசிக்கத் தெரிய வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். பதினைந்து வாண்டுகள் முன்னால் நின்று வாசித்துப் பார்த்தால்தான் கஷ்டம் புரியும்.

பெரிய நூலகத்தில் இந்த நான்கு வேலைக்கும் நான்கு பிரிவுகள் இருக்கும். இங்கே நான்கும் ஒரே ஆள்தான். கூடவே வருகைப் பதிவேடு, சந்தா, புத்தக இருப்புக் கணக்கு.

"அதான் சர்டிஃபிகேட் கோர்ஸ் முடிச்சிருக்காங்களே?"

நியாயமான கேள்வி. இங்கே நூலகர் பணிக்கு வருபவர்கள் நூலக அறிவியலில் சான்றிதழ் படிப்போ பட்டமோ முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நூல்களை வகைப்படுத்துவது, பட்டியலிடுவது, அடுக்குவது எல்லாம் அதில் சொல்லித் தரப்படுகிறது.

ஆனால் 2005-இல் அந்தப் படிப்பை முடித்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அப்போது ஸ்மார்ட்போன் பரவலாக இல்லை. யூபிஐ, டிஜிலாக்கர் கிடையாது. ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய டிஜிட்டல் நூலகம் 2018-இல்தான் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இலவச இணையப் படிப்புகளுக்கான ஸ்வயம் தளம் 2017-இல் வந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இவ்வளவும் ஒரு சின்ன ஊர் நூலகத்தின் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் பீரோக்கள். அவற்றின் சாவி நூலகர் கையில் இல்லையென்றால், வாசகருக்கு அவை இல்லாததற்குச் சமம்.

இப்போது சாட்ஜிபிடி வேறு வந்துவிட்டது. ஒரு மாணவர் அது சொன்ன தவறான ஆண்டைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தால், "தம்பி, இதை எங்கே சரிபார்க்கணும்னு காட்றேன் வா" என்று சொல்ல ஊரில் ஒருவர் வேண்டாமா? செயற்கை நுண்ணறிவு வந்ததால் நூலகர் வேலை குறைந்துவிட்டது என்கிறார்கள். ஊர்ப்புறத்தில் அது கூடியிருக்கிறது என்பதே என் எண்ணம்.

இங்கே ஒரு வேடிக்கையையும் கவனியுங்கள். அந்த நூலகத்தில் உட்கார்ந்து படித்த பெண் குரூப் 4-இல் தேறி இளநிலை உதவியாளர் ஆனால், பவானிசாகரில் அவருக்கு அடிப்படைப் பயிற்சி தருகிறது அரசு. பள்ளி ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பயிற்சி என்பது வேலையின் ஒரு பகுதி. அந்தப் பெண்ணுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்த நூலகருக்கு? நூலகத் துறை அவ்வப்போது பயிற்சி முகாம்கள் நடத்துகிறது, இல்லையென்று சொல்லிவிட முடியாது. 'அவ்வப்போது' என்பதுதான் பிரச்சினை.

ரங்கநாதனையே மாற்றியது ஒரு பயிற்சிதான்

இந்திய நூலகவியலின் தந்தை என்று நாம் கொண்டாடும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலகராக ஆசைப்பட்டு வந்தவர் கிடையாது. அவர் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். சேர்ந்த சில நாட்களிலேயே அவருக்கு வேலை கசந்துவிட்டது. பேச ஆளில்லாத தனிமை. மறுபடி வகுப்பறைக்கே போகிறேன் என்று கேட்டார். 'முதலில் லண்டன் போய் நூலகப் பயிற்சி எடுங்கள், திரும்பி வந்தும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம்' என்பதுபோல் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்கள்.

லண்டனில் அவர் படித்ததோடு நிற்கவில்லை. அங்குள்ள நூலகங்களைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்தார். தொழிலாளர்கள், பெண்கள், குழந்தைகள் என ஊரே பயன்படுத்தும் இடமாக நூலகம் இருந்ததைக் கண்டார். 1925-இல் திரும்பியவர் அதன்பிறகு வகுப்பறையைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம், 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகள் பற்றிய நூல், அதே ஆண்டு மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம், அவரது உழைப்பால் 1948-இல் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம்... எல்லாம் அந்தப் பயணத்துக்குப் பிறகு நடந்தவை. அவர் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கியது எப்போது தெரியுமா? 1929-இல். சட்டம் வருவதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே ஆள் தயாரிப்பது தொடங்கிவிட்டது.

தனிமையில் கசந்துபோன ஒரு நூலகரை, மற்ற நூலகங்களையும் மற்ற நூலகர்களையும் பார்க்க வைத்தது மாற்றிவிட்டது. இன்று ஊர்ப்புற நூலகர் இருப்பதும் அதே தனிமையில்தான். ரங்கநாதனுக்குக் கிடைத்த அந்த வெளிக்காற்று இவர்களுக்கு எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

பூட்டிய பீரோவுக்குப் பின்னால் ஒரு பயம்

பயிற்சி என்றதும் கணினிப் பயிற்சி என்றே நினைத்துவிடுகிறோம். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கு: பயம் போக்கும் பயிற்சி.

பல சின்ன நூலகங்களில் நல்ல புத்தகங்கள் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டப்பட்டிருக்கும். "ஏன் சார் பூட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டால், "காணாமப் போனா யார் பதில் சொல்றது?" என்பார். இருப்புக் கணக்கு எடுக்கும்போது புத்தகம் குறைந்தால் தன் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்குமோ என்ற அச்சம். அதனால் வாசகர் கைக்குப் போகாத புத்தகமே பத்திரமான புத்தகம் என்றாகிவிடுகிறது. நூல்கள் பயன்படத்தான் என்ற ரங்கநாதனின் முதல் கொள்கை அங்கேயே அடிபட்டுப்போகிறது.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் இதை எப்படிப் பார்க்கின்றன தெரியுமா? வாசகர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒவ்வொரு 1,000 நூல்களுக்கும் ஆண்டுக்கு 5 நூல்கள் குறைவது இயல்பான இழப்பு என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் ஏற்கின்றன. நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக்கூடாது, 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் விசாரிக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். இது மத்திய அரசு நூலகங்களுக்கான விதிதான். ஆனால் அதற்குப் பின்னால் உள்ள புரிதல் எல்லா நூலகத்துக்கும் பொருந்தும்: பயன்படுத்தினால் கொஞ்சம் தேயும், கொஞ்சம் தொலையும்.

எந்த விதி தனக்குப் பொருந்தும், தொலைந்த நூலை எப்படிப் பதிவு செய்வது, கிழிந்ததை எப்படிக் கழிப்பது என்று அரை நாள் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தாலே பல பீரோக்கள் திறந்துவிடும். இதற்குக் கணினிகூட வேண்டாம். நம்பிக்கையாகப் பேச ஒரு மேலதிகாரி போதும்.

அப்புறம் ஏன் நடக்க மாட்டேங்குது?

முதல் காரணம் எளிமையானது. ஒரே ஆள் இருக்கும் நூலகத்தில் அவர் பயிற்சிக்குப் போனால் கதவு பூட்டப்படும். நூலகம் மூடிக்கிடக்கிறதே என்று ஊரில் பேச்சு வரும். அதனால் போக விரும்புபவருக்கும் தயக்கம், அனுப்ப வேண்டியவருக்கும் தயக்கம்.

இரண்டாவது, தூரம். மாவட்டத் தலைநகரில் காலை 10 மணிக்குப் பயிற்சி என்றால், ஒரு மூலையில் இருக்கும் ஊரிலிருந்து வருபவர் விடிவதற்குள் கிளம்ப வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும் பெண்களுக்கு இது இன்னும் சிரமம்.

மூன்றாவது, உள்ளடக்கம். பெரிய நூலகத்துக்கான மென்பொருளைப் பற்றி நாள் முழுக்க ஸ்லைடு போட்டுக் காட்டினால், ஒரே கணினியோ அதுவும் இல்லாமலோ இருக்கும் நூலகருக்கு அதில் எடுத்துப்போக என்ன இருக்கும்? மதியச் சாப்பாடும் ஒரு கோப்பும்தான்.

நான்காவது, பலன். பயிற்சி எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் பதவி உயர்விலோ ஊதியத்திலோ வித்தியாசம் எதுவும் இல்லையென்றால், அது இன்னொரு வேலைநாள், அவ்வளவுதான்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், 2010 முதல் சான்று பெற்ற பொது நூலகர்கள் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை 60 மணி நேரத் தொழில் மேம்பாட்டுப் பயிற்சி முடித்துக் காட்ட வேண்டும். ஆனால் சான்று பெற்ற நூலகர் கட்டாயம் என்ற விதி, 7,500 பேருக்கு மேல் சேவை செய்யும் நூலகங்களுக்குத்தான். சின்ன ஊர் என்றாலே விலக்கு கொடுத்துவிடுவது உலக வழக்கம்போல. அந்த விலக்கு சலுகை மாதிரித் தெரியும், உண்மையில் அது சின்ன ஊர் வாசகருக்குக் கொடுக்கப்படும் குறைந்த தரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

60 மணி நேரத்தை 5 ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 12 மணி நேரம். மூன்றரை ஐபிஎல் மேட்ச் பார்க்கும் நேரம். அதையே இங்கே இலக்காக வைத்துக்கொள்வோம்.

பக்கத்துப் பக்கத்து ஊர்களைச் சேர்ந்த 10 நூலகர்களை ஒரு வட்டமாகச் சேர்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 3 மணி நேரம், அருகில் உள்ள கிளை நூலகத்தில் சந்திப்பு. நாலு சந்திப்பில் 12 மணி நேரம் வந்துவிடும். ஒருவருக்குப் பேருந்துக் கட்டணம், சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு சந்திப்புக்கு 3,000 ரூபாய். ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒரு நூலகத்தின் பங்கு 1,200 ரூபாய்.

இப்போது முதலில் பார்த்த ரசீதுக்கு வருவோம். 500 ரூபாய் வீட்டு வரி கட்டும் வீடு ஒன்று நூலகத்துக்கு 50 ரூபாய் தருகிறது. அப்படி 24 வீடுகள் தரும் பணம்தான் இந்த 1,200 ரூபாய். ஒரே ஒரு தெரு!

இந்தச் சந்திப்பில் வெளியிலிருந்து பெரிய நிபுணர் வரவேண்டிய அவசியமும் இல்லை. ஒரு ஊரில் கதை வாசிப்பு நன்றாக நடக்கிறதா, அந்த நூலகர் செய்து காட்டட்டும். இன்னொருவர் போட்டித் தேர்வு மாணவர்களைச் சேர்த்துப் படிப்பு வட்டம் நடத்துகிறாரா, அவர் சொல்லட்டும். வருடத்தில் ஒருமுறை இரண்டு நாள் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவிலோ மாவட்ட மைய நூலகத்திலோ கூட இருந்து வேலை பழகட்டும்.

கதவு பூட்டும் பிரச்சினைக்கு, வட்டத்துக்கு ஒரு மாற்று நூலகர் வேண்டும். நூலக அறிவியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாள் ஊதியம் கொடுத்து அமர்த்தலாம். அந்தச் செலவு மேலே போட்ட கணக்கில் சேராது, தனியாக ஒதுக்க வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால் வார விடுமுறை நாளில் சந்தித்து, ஈடுசெய் விடுப்பு தரலாம். முடித்த மணி நேரத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றி, பதவி உயர்வில் கணக்கில் எடுத்தால் ஆர்வம் தானாக வரும்.

"முதல்ல சம்பளத்தைச் சரி பண்ணுங்க சார்!"

நூலகர்கள் பக்கத்திலிருந்து இந்தக் குரல் வரும், வரவேண்டும். குறைந்த ஊதியத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவரிடம் போய், "திறமையை வளர்த்துக்கோங்க" என்று அறிவுரை சொன்னால் அது எரிச்சலைத்தான் கிளப்பும். முறையான ஊதியத்துக்கு மாற்றாகப் பயிற்சியை யாரும் முன்வைக்கக்கூடாது. ஆனால் ஊதியம் சரியாகும் வரை பயிற்சி காத்திருக்கட்டும் என்பதும் சரியில்லை. இரண்டும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள்: இதை ஒரு தொழிலாக மதியுங்கள்.

"எல்லாம்தான் யூடியூப்ல இருக்கே" என்பது இன்னொரு வாதம். இருக்கட்டும், பார்க்கட்டும். ஆனால் தனியாக உட்கார்ந்து வேலை பார்ப்பவரை, தனியாக உட்கார்ந்து வீடியோவும் பார்க்கச் சொல்வதில் அந்தத் தனிமை எங்கே குறைகிறது? "எங்க ஊர்லயும் இதே பிரச்சினைதான் மேடம்" என்று பக்கத்து ஊர் நூலகர் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை எந்த வீடியோவும் தராது.

"நூலகத்துக்கு இப்போ யாருங்க வர்றாங்க?" என்றும் கேட்பார்கள். போட்டித் தேர்வுக் காலத்தில் ஒரு கிளை நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள், உட்கார இடம் கிடைக்காது. மற்றவர்கள் வராததற்கு ஒரு காரணம், வந்தால் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லாததுதான்.

நாம என்ன பண்ணலாம்?

ஒவ்வொரு ஆண்டும் தேசிய நூலகர் தினமான ஆகஸ்ட் 12-ஐ ஒட்டி, ரங்கநாதன் பெயரில் நல்நூலகர் விருதுகள் தருகிறது தமிழ்நாடு அரசு. விருது வாங்குபவர்கள் தங்கள் முயற்சியால் உயர்ந்தவர்கள், அவர்களுக்கு வாழ்த்துகள். அந்த முயற்சியை எல்லா நூலகருக்கும் பழக்கமாக்க ஒரு ஏற்பாடு வேண்டும். மாவட்ட நூலக ஆணைக்குழுவின் வரவு செலவுக் கணக்கில் 'பணியாளர் பயிற்சி' என்று தனித் தலைப்பும், அதில் ஒரு தொகையும் இருக்கிறதா என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

வேலைக்காக ஊரைவிட்டு வந்து, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. நம்மில் பலருக்கு அலுவலகத்தில் வருடத்துக்கு நாலு டிரெய்னிங். வேண்டாம் என்றாலும் லிங்க் வரும். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது அரை மணி நேரம் நூலகத்துக்குப் போங்க. புரவலராகப் பணம் கட்டலாம், புத்தகம் தரலாம், நல்லதுதான். அதோடு நூலகரிடம் ஒன்று கேளுங்க: "கடைசியா எப்போ உங்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க? எதுல கொடுத்திருந்தா உங்களுக்கு உதவியா இருந்திருக்கும்?"

அவர் சொல்லும் பதிலை அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று சொல்லுங்க. வரி கட்டுபவர் கேட்டால் அது பதிவேட்டில் ஏறும்.